ஆடுவோர் ஆக்கிய நாடுகள்

விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா, அதுவும் நம் சங்கத்தின் மலரிலா என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கிரிக்கெட்டைப் பற்றி எழுதினால் எவரும் நெரிப்பதில்லை. ஆகவே நானும் துணிந்துவிட்டேன். ஆயினும் நான் எழுதப்போவது மட்டையையும் பந்தையும் பற்றியதன்று. எந்த நிலப்படத்திலும் காணாத சில நாடுகளைப் பற்றியது. அந்நாடுகளை ஆக்கியவர் யார், அவற்றின் வரலாறு யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கைப் பற்றியது. இவ்வழக்கு அமெரிக்காவிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் சிறு கிளை ஒன்று எங்கள் விடுதியிலும் இவ்வாண்டு முளைத்திருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்க்கு முதலில் இரண்டு சொல். ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடத்துநர். (பேருந்தை நினைத்துக்கொள்ள வேண்டா, இதைவிட நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை.) மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர், ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் பூட்டைத் திறப்பதில் வல்ல கள்வர். "மழை பெய்கிறது, சத்திரத்தின் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே விளக்கில்லை, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். தத்தம் பாத்திரம் செய்வதை ஆடுவோர் சொல்வர். செயல் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்க்கும். ஆறு முகப் பகடை மட்டுமன்று, இருபது முகப் பகடையும் உண்டு. இப்படியே ஒரு மாலை ஓர் இரவாகும். ஓர் ஆண்டு ஒரு நெடுங்கதையாகும். இதனை ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். நான் பாத்திர ஆட்டம் என்றே எழுதுகிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, டி.எஸ்.ஆர். கம்பெனியின் வெளியீடாக வந்தது. முதற்பதிப்பு ஆயிரம் படிகள். இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது அதுவே.

கதைக்கு ஓர் உலகம் வேண்டுமல்லவா? கைகாக்ஸ் தம் வீட்டு மேசையில் கிரேஹாக் என்னும் நகரத்தை வைத்து ஆடினார். ஆர்னிசன் பிளாக்மூர் என்னும் நாட்டை வைத்து ஆடினார். நண்பர் நால்வர் ஐவருக்காகப் பிறந்த வீட்டு உலகங்கள் இவை. கிரேஹாக் உலகம் 1980-இல் நூலாயிற்று. 1983-இல் விரிவாக்கப்பட்டு நிலப்படங்களோடு ஒரு பெட்டியாக வந்தது. வாங்கியவர் ஒவ்வொருவரும் அதனைத் தம் விருப்பம்போல் வளைத்துக்கொண்டனர். ஒரு வீட்டில் மன்னன் மாண்டுபோவான்; அடுத்த வீட்டில் அதே மன்னன் பேரன் பேத்தி எடுத்திருப்பான். இரு வீட்டாரும் சந்திப்பதில்லை, ஆகவே சண்டையுமில்லை.

சண்டைக்கு வித்திட்டது சங்கம். 1980-இல் டி.எஸ்.ஆர். கம்பெனி ஆடுவோருக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கியது, ஆர்.பி.ஜி.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். முன்பின் அறியாதவர் மாநாடுகளிலே ஒரே மேசையில் அமர்ந்து ஆட வழிசெய்வது அதன் வேலைகளுள் ஒன்று. ஒரே கதையேட்டைப் பல மேசைகளில் பல நடத்துநர்கள் நடத்துவர். நாளடைவில் ஒருவர் தம் பாத்திரத்தை ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் ஒரு மேசையிலும் அடுத்த ஊரில் வேறொரு மேசையிலும் அதே பாத்திரமாக ஆடும் வழக்கம் வந்தது. 'ஆர்கனைஸ்டு பிளே' என்று அவர்கள் சொல்லும் இதனைச் சங்க ஆட்டம் எனலாம். பாத்திரம் ஊர் ஊராகப் போகிறதென்றால் அது போகும் உலகமும் எங்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஒரு மேசையில் இறந்த மன்னன் அடுத்த மேசையில் கொலுவீற்றிருத்தல் ஆகாது. வீட்டு உலகங்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு, அஃதாவது பொது வரலாறு என்னும் பொறுப்பு, இங்கேதான் பிறந்தது.

இத்தகைய பெரும் முயற்சிகளுள் முன்னோடியானது 1987-இல் தொடங்கிய 'லிவிங் சிட்டி', உயிருள்ள நகரம். கனடா நாட்டு நூலகர் எட் கிரீன்வுட் படைத்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்னும் உலகில் ரேவன்ஸ் பிளஃப் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அதனைச் சங்கத்தாரிடம் விட்டுவிட்டனர். சங்கத்தின் இதழாகிய 'பாலிஹெட்ரா'னுக்கு உறுப்பினர்கள் எழுதியனுப்பிய கடைகளும் சத்திரங்களும் மாந்தரும் அந்நகரத் தெருக்களில் குடியேறினர். ஆடுவோரின் பாத்திரங்கள் சில வீரப்பட்டம் பெற்று நகரத்துப் பெருமக்களாயின. 1989-இல் நகரம் நூலாயிற்று. 1998-இல் கிரீன்வுட்டே அதனைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். உலகைப் படைத்தவர் அவர். ஆயினும் பத்தாண்டுகளாக ஆடியவர்கள் செய்துவைத்ததைக் கணக்கில் கொண்டே அவர் எழுதவேண்டியிருந்தது. இஃது எனக்கு மிகப் பிடித்த செய்தி. படைத்தவனும் விருந்தாளியாக நுழையவேண்டிய நகரம் அது.

இதனினும் பெரிய முயற்சி 2000-இல் தொடங்கிய 'லிவிங் கிரேஹாக்'. டி.எஸ்.ஆர். கம்பெனியை 1997-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் கம்பெனி வாங்கியிருந்தது. கைகாக்ஸின் பழைய உலகை மீண்டும் எடுத்து, அதன் நாடுகளை நம் மண்ணுலகின் நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் அவர்கள் பங்கிட்டுக் கொடுத்தனர். ஒஹையோ மாநிலத்தாருக்கு வெலூனா, மிச்சிகன் மாநிலத்தாருக்கு ஃபியூரியாண்டி, பிரிட்டனில் ஆடுவோர்க்கு ஆன்வால், ஆஸ்திரேலியர்க்குப் பெர்ரன்லாந்து. ஒவ்வொரு நாட்டையும் நடத்த மூன்று தொண்டர் கொண்ட குழு ஒன்று. அந்நாட்டுக்குரிய கதையேடுகளை அவ்வட்டாரத்தாரே எழுதினர். அவற்றை அவ்வட்டாரத்திலேயே ஆடவேண்டும். ஆன்வாலின் கதையை ஆட விரும்பிய மிச்சிகன்காரர் பிரிட்டனுக்குத்தான் போகவேண்டும்!

இதிலே ஒரு நுட்பமான விதி உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆண்டுக்கு 52 காலப் பங்குகள். வாரத்துக்கு ஒன்று எனக் கொள்க. சொந்த நாட்டுக் கதையை ஆடினால் ஒரு பங்கு செலவாகும். அயல்நாட்டுக் கதையை ஆடினால் இரண்டு. பயணத்துக்கும் அலைச்சலுக்கும் உரிய விலை அது. இவ்விதியைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். வடக்கே வந்து படிக்கும் தமிழ் மாணவர் எவரும் சிரிப்பர். வெளியூர்க்காரனுக்கு எதுவும் இருமடங்கு நேரம் பிடிக்கும் என்பதை, ரேஷன் கார்டுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் அலைந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டா.

இப்பங்கீட்டால் விளைந்தது என்ன? 1983-ஆம் ஆண்டுப் பெட்டியிலே ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு பத்திகளே இருந்தன. எட்டாண்டு ஆட்டத்துக்குப் பின் அதே நாட்டுக்கு வரிமுறை, படையணிகள், சிற்றூர்கள், சில்லறைப் பகைகள், பிரபுக்களின் குடும்பத் தகராறுகள் எல்லாம் வந்துவிட்டன. தனி ஆசிரியர் ஒருவர் எத்துணை வல்லவராயினும் முப்பது நாடுகளுக்கு இத்தனை சில்லறைச் செய்திகளை எழுதமாட்டார். அவருக்குச் சலிப்புத் தட்டிவிடும். தன் வட்டாரத்துக்கென்று ஒரு நாடு கிடைத்தவர்க்கோ சலிப்பே வராது. உலகம் விரிந்தது ஆசிரியரின் கற்பனையால். செறிந்தது ஆடுவோரின் உரிமையுணர்ச்சியால்.

நிற்க. கதையேடுகளிலே எழுதப்பட்ட நிகழ்ச்சிகளைவிட ஆழமான ஒரு மாற்றத்தையும் சங்க ஆட்டம் செய்திருக்கிறது. அதனைப் பலர் கவனிப்பதில்லை. அறிவியல் மாணவனாகிய எனக்கு அது சட்டென்று புலப்பட்டதில் வியப்பில்லை. ஒரு சோதனையைப் பல ஆய்வுக்கூடங்களில் செய்து முடிவுகளை ஒப்பிடவேண்டுமானால் தொடக்க நிலை எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சங்க ஆட்டமும் அத்தகையதே. முன்பின் அறியாத ஐவர், நான்கைந்து மணி நேரத்துக்குள், ஒரு கதையைத் தொடங்கி முடிக்கவேண்டும். இவர்கள் ஏன் ஒன்றாகச் சேர்ந்தார்கள்? யார் அனுப்பினார்? இக்கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக விடை தேடினால் இரண்டு மணி நேரம் போய்விடும். ஆகவே கதையின் உள்ளேயே ஒரு நிறுவனம் வேண்டும். அந்நியரைக் கூட்டி வேலை கொடுத்து அனுப்பும் ஓர் அலுவலகம்.

இதற்குச் சிறந்த சான்று பாத்ஃபைண்டர் என்னும் ஆட்டம். பெய்சோ என்னும் கம்பெனி வெளியிடுவது. அதன் உலகுக்குக் கோலேரியன் என்று பெயர். (அக்கம்பெனியின் வெளியீட்டுத் தலைவர் எரிக் மோனா முன்பு லிவிங் கிரேஹாக்கின் நாட்டு விவர நூலை எழுதிய நால்வருள் ஒருவர், பாடம் எங்கே படிக்கப்பட்டது என்பது விளங்கும்.) கோலேரியனில் பாத்ஃபைண்டர் சங்கம் என்று தேடலாளர் சங்கம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது கதைக்கு அழகு சேர்க்கும் பின்னணியாகவே இருந்தது. 2008-இல் அதே பெயரில் சங்க ஆட்டம் தொடங்கியது. அன்றுமுதல் அப்சலோம் என்னும் பெருநகரத்திலே அதன் தலைமையகம், முகமூடி அணிந்த பதின்மர் தலைமை, ஊர் தோறும் கிளைகள், கிளைத்தலைவர்கள் எனச் சதையும் எலும்பும் வளர்ந்தன. அச்சங்கத்தின் கொள்கை மூன்று: தேடு, தெரிவி, ஒத்துழை. முதல் இரண்டும் தேடலாளர்க்கு உரியவை. மூன்றாவது யாருக்கு? மேசையில் அமர்ந்திருக்கும் ஐந்து அந்நியருக்கு என்பது என் எண்ணம். சண்டையிடாமல் சேர்ந்து ஆடுங்கள் என்னும் மேசை ஒழுக்கமே கற்பனை நாட்டில் ஒரு சங்கத்தின் அறமாக மாறி அமர்ந்துவிட்டது.

இதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஆடுவோர் ஐந்து கட்சிகளுள் ஒன்றைச் சேரவேண்டும்: ஆண்டோரன், செலியாக்ஸ், ஒசிரியன், காடிரா, டால்டோர். ஐந்தும் நாடுகளின் பெயர்கள். அவற்றிடையே பழம்பகை உண்டு. ஒவ்வொரு கட்சியும் தன் ஆளுக்கு மறைவாக ஒரு வேலை கொடுக்கும்; பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் அதனை முடிக்கவேண்டும். சுவையான ஏற்பாடுதான், ஆனால் ஒத்துழை என்னும் கொள்கையோடு மோதியது. சில ஆண்டுகளில் அம்மறைவேலைகள் கைவிடப்பட்டன. 2019-இல் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது முதன்மையான கட்சிகள் நான்காயின. நான்கும் நாடுகளல்ல, சங்கத்தின் உட்பிரிவுகள். ஒன்று புதிய இடங்களைத் தேடுவோர் பிரிவு, ஒன்று ஏட்டறிஞர் பிரிவு, ஒன்று தோழமை வளர்ப்போர் பிரிவு, ஒன்று தீங்கான பொருள்களைப் பூட்டிவைப்போர் பிரிவு. நாடுகளின் பகை அலுவலகப் பிரிவுகளின் போட்டியாகச் சுருங்கிவிட்டது. மேசைகள் அமைதியடைந்தன, உலகத்தின் உறைப்புச் சற்றுக் குறைந்தது. இதனை நான் குறையாகவே கருதுகிறேன், காரணம் எனக்கு நன்கு விளங்கினாலும்.

வேடிக்கையான விளைவுகளும் உண்டு. ஸ்டார் வார்ஸ் உலகிலே ஆடுவதற்கென்று ஆர்.பி.ஜி.ஏ. சங்கத்தார் குலாரின் என்னும் சூரியக் குடும்பத்தையே புதிதாகப் படைத்தனர். 2002-இல் வந்த திரைப்படத்தில் கதைக்காலம் பத்தாண்டு முன்னே தாவிவிட்டது. ஆடுவோரின் பாத்திரங்களைப் பத்து வயது கூட்டாமல் முன்னே கொண்டுபோவது எப்படி? குலாரின் முழுவதும், சூரியனோடும் கோள்களோடும், பத்தாண்டு காணாமற்போய்த் திரும்பி வந்தது! உள்ளிருந்தவர்க்கு அது ஒரு நொடி. எங்கள் துறைப் பேராசிரியர் எவரிடமும் இதனை நான் சொல்லவில்லை.

இனி வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரே கதையை நூறு மேசைகள் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது மேசைகளில் கோமகன் பிழைக்கிறான், நாற்பதில் சாகிறான். உலகத்தின் வரலாறு எது? பாத்ஃபைண்டரில் ஆட்டம் முடிந்ததும் நடத்துநர் முடிவைத் தெரிவிக்கவேண்டும். சில கதையேடுகளில் குறிப்பிட்ட கேள்விகளுக்கு விடையும் குறிக்கவேண்டும். மாநாட்டு மண்டபம் நிறைய மேசைகள் ஒரே வேளையில் ஆடும் சிறப்பு ஆட்டங்களில் மேசைகளின் வெற்றிகளைக் கூட்டி, அடுத்தது என்ன என்று அங்கேயே அறிவிப்பர். பெரும்பான்மை வென்றது வரலாறாகும். வெப்பநிலை என்பது எந்த ஒரு மூலக்கூறுக்கும் உரிய பண்பன்று, கூட்டத்துக்கே உரியது என்று முதலாண்டிலேயே படிக்கிறோம். சங்க ஆட்டத்தின் வரலாறும் அப்படிப்பட்டதே. ஆனால் மூலக்கூறுக்கு மனவருத்தம் இல்லை. கோமகன் தம் கண்முன்னே மாண்டதை இரவு இரண்டு மணி வரை ஆடிக் கண்ட நாற்பது மேசைக்காரர்களுக்கு உண்டு.

எனினும் அந்த நாற்பது மேசைக்காரரும் ஆட்டத்தில் பங்கு கொண்டவரே, தோற்றாலும் எண்ணப்பட்டவர். என் மனம் பொறாதது வேறொன்று. எண்ணி முடித்த கணக்கையே கிழித்துப்போடுவது.

லிவிங் கிரேஹாக் 2008-இல் முடிந்தது. ஆட்டத்தின் நான்காம் பதிப்பு அவ்வாண்டு வந்தது. சங்க ஆட்டம் வேறு உலகுக்குப் போய்விட்டது. கிரேஹாக் உலகுக்கென்று தனி ஆண்டுக்கணக்கு உண்டு. எட்டாண்டு ஆட்டம் அக்கணக்கில் 590-களில் நடந்தது. 2024-இல் புதிய நடத்துநர் கைநூல் வந்தபோது, ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி, கிரேஹாக் மாதிரி உலகாக மீண்டும் அச்சேறியது. மகிழ்ந்து திறந்தால், காலம் 576. அஃதாவது 1983-ஆம் ஆண்டுப் பெட்டியின் காலம். வெலூனாவிலும் பெர்ரன்லாந்திலும் ஆடியவர்கள் செய்ததெல்லாம் நடக்கவில்லை என்று நூல் சொல்லவில்லை. இன்னும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

ரொக்குகான் உலகின் கதியும் இதுவே. 1995-இல் வந்த 'லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்' ஒரு சீட்டாட்டம். 1997-இல் அதே உலகில் பாத்திர ஆட்டமும் வந்தது. போட்டிகளில் எந்தக் குலத்துச் சீட்டுக்கட்டு வென்றதோ அந்தக் குலத்துக்குக் கதையிலும் ஏற்றம் கிடைக்கும். இருபதாண்டுகள் அப்படி நடந்தது. 2015-இல் அதன் உரிமை வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2017-இல் புதிய சீட்டாட்டம் வந்தபோது கதை தொடக்கத்துக்கே திரும்பிவிட்டது. இருபதாண்டு வெற்றி தோல்விகள் பழைய பக்கங்களோடு நின்றுவிட்டன.

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிதாக வருபவர் கையில் இருபதாண்டு வரலாற்றை வைத்து, இதைப் படித்துவிட்டு வா என்றால் அவர் போயே விடுவார். 576 என்பது எவரும் நுழையக்கூடிய திறந்த கதவு. சட்டப்படியும் உலகம் அவர்களுடையது. ஆடியவர்க்கு அதில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. மேலும் சங்க ஆட்டக் கதைகள் எல்லாம் உயர்ந்தவை என்று நான் வாதாடமாட்டேன். அவசரத்தில் எழுதியவை, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை ஏராளம். ஆயினும் புதியவனை அழைக்கப் பழையவனை மறக்கத்தான் வேண்டுமா? பெய்சோ கம்பெனி அப்படிச் செய்யவில்லை. கோலேரியனின் ஆண்டு நம் ஆண்டோடு 2700 கூட்டினால் வருவது. நம் கடிகாரத்தோடு அதுவும் நகர்கிறது. 2019-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது 4719-ஆம் ஆண்டு எனக் குறித்து, அதற்கு முன் வெளியான பெருங்கதைகளெல்லாம் நடந்து முடிந்தவை என்றே வைத்துக்கொண்டனர். பேய்கள் புகுந்த வடநாட்டுப் பிளவு மூடப்பட்டது மூடப்பட்டதாகவே இருக்கிறது. 2020-இல் பாத்ஃபைண்டர் சங்கத்துக்கென்றே தனி நூல் வெளியிட்டனர். இதுவும் வணிகந்தான்; தருமமன்று. ஆனாலும் புதியவர்கள் வராமற்போகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இப்போது எங்கள் விடுதிக்கு வருகிறேன். மூன்றாண்டுகளாக இங்கே சிறு அளவில் ஒரு சங்க ஆட்டம் நடக்கிறது. மூன்று மேசைகள், மலையாளி, வங்காளி, பஞ்சாபி, தெலுங்கர், நான் என்று கலந்த கூட்டம், இந்தியும் ஆங்கிலமும் குழைத்த மொழி. மூன்று மேசைக்கும் ஒரே ஊர். ஆற்றங்கரையில் உள்ள அவ்வூருக்கு நீல்காட் என்று ஒரு வங்காளி நண்பர் பெயரிட்டார். முதலாண்டிலேயே வம்பு வந்தது. செவ்வாய்க்கிழமை மேசையினர் கொள்ளையரைத் தடுக்க ஆற்றுப் பாலத்தை எரித்துவிட்டனர். சனிக்கிழமை மேசையினர் உயிரைக் கொடுத்து அதே பாலத்தைக் காத்தனர். மூன்று நடத்துநர்களும் கூடி ஓர் இரவு முழுவதும் பேசி, பாலம் பாதி எரிந்தது என்று தீர்ப்பளித்தோம். பாதிப் பாலத்தில் வண்டி போகாது. ஆகவே ஓடக்காரர்கள் வந்தனர். ஓடக்காரர்கள் கூலியை உயர்த்தினர், சங்கம் வைத்தனர், இன்று நீல்காட்டில் நகரத் தலைவரைவிட அவர்கள் தலைவிக்கே செல்வாக்கு. எங்களில் எவரும் ஓடக்காரரைப் பற்றிக் கற்பனை செய்யவில்லை. இரண்டு மேசைகளின் பிணக்கிலிருந்து அவர்கள் தாமாகவே வந்தார்கள். சராசரி எடுத்திருந்தால் ஒரு மேசை தோற்றிருக்கும், ஓடக்காரரும் பிறந்திருக்கமாட்டார்கள்.

இவ்வூரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று நண்பர் சிலர் இப்போது சொல்கின்றனர். ஆகஸ்டில் புதிய மாணவர் வருவர். மூன்றாண்டுச் செய்தியை அவர்கள் தலையில் சுமத்தலாகாது. ஆடியவருள் பாதிப்பேர் படிப்பு முடிந்து போய்விட்டனர். பிறகு யாருக்காக வைத்துக்கொள்வது என்பது அவர்கள் கேள்வி. மேலே நான் சொன்ன கம்பெனிகளின் வாதமும் இதுவே என்பதைப் படிப்பவர் கண்டிருப்பர். கம்பெனிக்காவது விற்பனை என்னும் கவலை உண்டு. நமக்கு என்ன விற்பனை?

போய்விட்டவருள் ஒருவர் இப்போது ஜாம்ஷெட்பூரில் வேலையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை செய்தி அனுப்புவார், தம் உடல்நலம், வேலை பற்றி இரண்டு வரி, பிறகு "ஓடக்காரர் கூலி இப்போது என்ன?" என்று மூன்றாவது வரி. பாலத்தை எரித்த மேசையில் இருந்தவர் அவர். நீல்காட் 'இன்னும் நடக்கவில்லை' என்று அவருக்கு நான் எழுதவேண்டுமா?

என் யோசனை எளியது. மூன்று மேசைகளின் குறிப்பேடுகளும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அவற்றிலிருந்து இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் ஒரு சுருக்கம் எழுதிப் புதியவர் கையில் கொடுப்போம். எழுத நான் ஆயத்தம். மேசைகளின் முடிவுகள் முரண்பட்டால் வாக்கெடுத்து ஒன்றைத் தள்ளாமல், இரண்டையும் ஊர்ப்பேச்சாக வைத்துக்கொள்வோம். நடத்துநர் அவற்றுக்கிடையே ஒரு பாதிப் பாலம் கட்டட்டும். புதியவர்க்குத் தம் விருப்பப்படி ஆக்க இடம் வேண்டுமென்றால் ஆற்றின் மறுகரை இருக்கிறது. மூன்றாண்டுகளில் அங்கே ஒரு குடிசைகூட எவரும் கட்டவில்லை.

ஆகஸ்டு முதற் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, உணவுக்கூடத்தின் பின்னறையில் இதுபற்றி வாக்கெடுப்பு. மூன்று முறையேனும் ஆடியவர்க்கே வாக்குரிமை என்று ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதனையும் நான் எதிர்க்கிறேன். புதியவர்களும் வந்து கையைத் தூக்கட்டும். ஊரை விட்டுப் போனவர்கள் அஞ்சலில் வாக்களிக்கலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.